ஆளுக்கு ஒரு பாடு

“உன்னைக் கேட்டா உனக்கு எவ்வளவு பாடு?”

எங்கள் பேட்டரிக் கடையில் கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு ஜெபராணி மேடம் என்னிடம் இப்படிக் கேட்டார். அதுவரை ஊரில் எல்லாரும் என்னிடம் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். சாயல்குடி பஸ் போய்விட்டதா, மேற்கு வாசலில் தூறுகிறதா, பூக்காரம்மா வந்தாச்சா, திறந்து கிடந்த சாக்கடை மூடியை மூடினார்களா. என்னைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அதனால் கேள்வி புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகும் பதில் வரவில்லை, ஏனென்றால் எதிரே ஒரு முகம் இருந்தது.

எனக்கு முகங்களோடு பேச வராது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால், தெரிந்த பதிலும் தொண்டைக்குழியில் உட்கார்ந்துகொள்ளும். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வீட்டில் யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. பாண்டீஸ்வரி அக்காவும் அத்தானும் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வண்டிகளுக்குப் பேட்டரி மாற்றித் தரும் கடை வைத்திருந்தார்கள். தீர்ந்த பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் ஏறியதை மாட்டி அனுப்ப வேண்டும். நான் மாடி அறையில் இருந்துகொண்டு எது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவேன். மாடி சன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்ட் முழுவதும் தெரியும்.

“பேருதான் காளீஸ்வரி. இவ வாயைத் திறந்தா ஈ கூடப் பறக்காது” என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ஆனால் முகம் இல்லாத குரலோடு நான் நன்றாகப் பேசுவேன். அது எனக்கே தெரிந்தது ‘கேளு’ வந்த பிறகுதான்.

கேளு எங்கள் ஊருக்கு வந்தபோது ஆளுக்கு ஒரு காதுமணி கொடுத்தார்கள். கடுக்கன் அளவுதான் இருக்கும். ஏதாவது தெரியவேண்டுமென்றால் அதைத் தொட்டு மெல்லக் கேட்டால் போதும். யாருக்கு அது தெரிந்திருக்கும் என்று கேளு யோசித்து, அவர்கள் காதில் கேட்கும். அவர்கள் சொல்வதைக் கொண்டுவந்து கேட்டவர் காதில் சொல்லும். கேட்டது யார், சொன்னது யார் என்று இரண்டு பக்கமும் தெரியாது. தெருவில் நின்றால் எல்லார் கண்ணுக்கும் படுகிற விஷயத்தை மட்டும்தான் கேட்கலாம். வீட்டுக்குள் நடப்பதைக் கேட்டால் கேளு பேசாமல் இருந்துவிடும்.

என் காதில் அது பேசிக்கொண்டே இருந்தது. காலையில் கண் விழிக்கும்போதே ஆரம்பித்துவிடும். பந்தல்குடி பஸ்ஸில் உட்கார இடம் இருக்கிறதா. இருக்கிறது, பின்னால் நாலைந்து சீட். மஞ்சள் பை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இறங்கினாரா. இறங்கி டீக்கடைப் பக்கம் போகிறார். இட்லி மாவு விற்கிற வண்டி எந்தத் திருப்பத்தில் நிற்கிறது. நான் சன்னலுக்குப் போய்ப் பார்ப்பேன், சொல்வேன், திரும்பி வந்து பேட்டரியைப் பார்ப்பேன். ஒவ்வொரு பதிலையும் சொன்ன பிறகு ஊரில் எங்கேயோ ஒருவர் தலையாட்டிக்கொண்டு கிளம்புகிறார் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அது போதுமாக இருந்தது. எல்லாருடைய காதிலும் கேளு இப்படித்தான் ஓயாமல் பேசுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி சாயங்காலம் வரும். கடைகளில் விளக்குப் போடும் நேரம். “மேற்கு வாசல் புரோட்டாக் கடையில் கல்லருகே நிற்பவர் இன்றைக்கு நன்றாக இருக்கிறாரா?”

பஸ் ஸ்டாண்டின் மேற்கு வாசலில் இருந்த அந்தக் கடை எங்கள் சன்னலுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம். கல்லருகே நிற்பவர் மழைக்காலத்தில் வந்து சேர்ந்த புது மாஸ்டர். மலைப்பக்கத்துக்காரர் என்று அத்தான் சொன்னார். எங்கள் ஊர் வெயிலிலும் காதை மூடித் துண்டைக் கட்டியிருப்பார். எண்ணெயில் புரோட்டாவைத் திருப்பிப் போடும்போது கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொள்வார். நான் பார்த்துவிட்டுச் சொல்வேன். “நல்லா இருக்கார்.” சில நாள் கூடவே ஏதாவது சேர்த்துச் சொல்வேன். “கையில கட்டுப் போட்டிருக்கார், ஆனா வேலை செய்றார்.” “புதுச் சட்டை.” “இன்னைக்குக் கொஞ்சம் சோர்ந்து தெரியறார்.”

மலையில் எங்கேயோ அவருடைய அம்மா இருப்பார் என்று வைத்துக்கொண்டேன். மகன் கோபித்துக்கொண்டு வந்துவிட்டான். போன் எடுப்பதில்லை. அம்மா தினமும் எங்கள் ஊரைக் கேட்கிறார். அந்த அம்மாவுக்கு நரைத்த கொண்டை கூட இருந்தது, என் மனதில்.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. அவள் காதில் கேளு ஒரு நாளைக்கு ஒருமுறை பேசினால் அதிகம். நான் குளிக்கும்போது, “இல்ல, கிளம்பிருச்சு” என்றும், சாப்பிடும்போது, “சிவப்புச் சேலையா, பச்சையா?” என்றும் முணுமுணுப்பதைக் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறாள். காற்றுச் சேட்டை என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை என்னை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆற்றில் மூன்று முழுக்குப் போடச் சொன்னாள். “மணியைக் கழட்டுடி, தண்ணியில போயிரும்” என்று வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். திருநீறு பூசி, வேப்பிலை அடித்து, பொங்கல் வைத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. முடிச்சை அவிழ்க்க இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை.

அந்த ஒரு பகல் முழுவதும் அருப்புக்கோட்டையில் பாதிக் கேள்விகளுக்குப் பதில் வரவில்லை.

அதைத் தேடிக்கொண்டுதான் ஜெபராணி மேடம் வந்தார். கேளுவைக் கட்டியவர்களில் ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். வந்ததும் முதலில் டீ கேட்டார், பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“ஊர்ல உள்ள கேள்வி எல்லாம் எந்த வழியா போகுதுன்னு படம் போட்டுப் பாத்தேன்” என்று அத்தானிடம் சொன்னார். “கோயில்ல ஏழெட்டு வாசல் இருக்கு, சனம் பூரா ஒரே வாசல் வழியா போகுது. அப்படி இருந்துச்சு. யாருடா அந்த வாசல்னு பாத்தா உங்க மாடி.”

“எங்க மாடியா?” என்றார் அத்தான்.

“உங்க கொழுந்தியா.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பேட்டரி அலமாரிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினேன். அப்போதுதான் அவர் அந்த முதல் கேள்வியைக் கேட்டது. நான் வாயே திறக்காததால் அக்கா பதில் சொன்னாள்.

“அவளைக் கேட்டா நாளைக்குத்தான் பதில் வரும் மேடம். பாடுன்னா என்னது? அதைச் சொல்லுங்க முதல்ல.”

ஜெபராணி மேடம் டீயைக் கீழே வைத்தார். “ஒரு கல்யாண வீட்டுல பிள்ளையோட கொலுசு தொலைஞ்சு போச்சுன்னு வைங்க. மண்டபத்துல இருக்க எல்லாரையும் நிறுத்தி, கொலுசைப் பாத்தீயளான்னு கேப்பீங்களா?”

“கேட்டா அடிப்பாங்க.”

“பிள்ள எங்கெங்க போச்சுன்னு அவ அம்மைட்ட கேப்பீங்க. கை கழுவுற இடத்துக்குப் போச்சும்பா. அங்க நின்ன ரெண்டு மூணு பேர்ட்ட கேப்பீங்க. கிடைச்சிரும். கேள்வி ஒண்ணுதான், கேக்குற வரிசைதான் வேற. ஒரு வரிசையில கேட்டா ஊருக்கே தொந்தரவு, இன்னொரு வரிசையில கேட்டா மூணு பேரோட முடிஞ்சிரும். ஒரு ஆளு செய்ற வேலையை விட்டுட்டுப் பதில் சொல்லுத சிரமம் இருக்குல்லா, அதைத்தான் நாங்க பாடுன்னு சொல்லுதோம். ஆளுக்கு ஒரு எண். எல்லா வரிசையையும் மனசுக்குள்ள போட்டுப் பாத்து, எதுல மொத்தப் பாடு கம்மியோ அந்த வரிசையில கேளு கேக்கும்.”

“கேக்கறதுக்கு முன்னாடியே கம்மின்னு எப்படித் தெரியும்?” என்றார் அத்தான். அவருக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஆர்வம் உண்டு.

“தெரியாது. உத்தேசம்தான். என்னைக்கோ ஒரு மாசம் எல்லாரையும் கவனிச்சு ஒரு கணக்கு எடுத்து வச்சிருக்கும். யாரு உடனே பதில் சொல்லுதாங்க, யாரு சலிச்சுக்கிடுதாங்க, யாரு மணியைக் கழட்டி உரல்ல போட்டுட்டுப் போறாங்கன்னு. அதுலருந்து எண் போடும். உங்க கொழுந்தியாவுக்குச் சுழி போட்டு வச்சிருக்கு.”

“சுழின்னா?”

“பூஜ்யம். பாடே இல்ல. எத்தனை தடவை கேட்டாலும் ஊருக்குச் செலவே கிடையாது. அப்ப எந்த வரிசை போட்டாலும் முதல்ல இவளைக் கேக்கறதுதான் லாபம். தெரியுமோ தெரியாதோ, கேட்டு வைப்போம்னு வந்து நிக்கும்.” அவர் கையிலிருந்த பலகையில் எதையோ தட்டிப் பார்த்தார். “இந்தக் கணக்கு எடுத்தது கேளு வந்த வருஷம் பங்குனி.”

அக்கா மோவாயில் கை வைத்தாள். “யாத்தே. அது இவளுக்கு அம்மை போட்டிருந்த மாசம்ல. மாடியில தனியா படுக்க வச்சு, நிலையில வேப்பிலை சொருகி, ஒருத்தரையும் உள்ள விடல. சோத்தைக் கூட வாசல்ல வச்சுட்டுத்தான் வருவேன்.”

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உடம்பெல்லாம் அரிக்கும், சொறியக்கூடாது. யாரோடும் பேசக்கூடாது. அப்போதுதான் கேளு புதிது. காதில் ஒரு கேள்வி வந்தால் அரிப்பு மறக்கும். வந்தவுடனே பதில் சொல்வேன், இன்னொன்று கேட்காதா என்று காத்திருப்பேன்.

ஜெபராணி மேடம் சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அம்மை இறங்கி வருஷம் ஆச்சு, எண் இறங்கலை. மறுபடி கணக்கு எடுக்கணும்னா எல்லாரையும் தொந்தரவு பண்ணணும், அதுவும் பாடுதானன்னு கேளு தள்ளிப் போட்டுட்டே வந்திருக்கு.”

“அப்ப பேய் இல்லையா?” என்றாள் அக்கா. கொஞ்சம் ஏமாற்றம் மாதிரி இருந்தது.

“இருக்கு. நாங்க கட்டுனதுதான்.”

பிறகு அவர் முகம் மாறியது. இருக்கன்குடி போன நாளில் ஞாபக மறதியுள்ள ஒரு முதியவர் வீட்டைவிட்டு நடந்து போய்விட்டாராம். மகன் கேளுவிடம் கேட்டிருக்கிறார். கேளு என்னிடம் கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வேறு யாரைக் கேட்டாலும் பாடு அதிகம், காளீஸ்வரி எப்படியும் இப்போது சொல்லிவிடுவாள் என்பது அதன் கணக்கு. பொழுது சாயப்போகும் நேரத்தில் பந்தல்குடி சாலையில் ஒரு புளியமரத்தடியில் அவரைக் கண்டுபிடித்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. செருப்பில்லாத கால் இரண்டும் கொப்புளம்.

“நீ ஒண்ணும் செய்யல பிள்ள” என்றார் என்னைப் பார்த்து. “உம்மேல ஊரையே தூக்கி வச்சிருக்கோம்னு உனக்கு யாரும் சொல்லல. இப்ப சொல்லு, உண்மையில உனக்கு எவ்வளவு பாடு?”

நான் அலமாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்தார். சாலையைக் கடந்து டீக்கடை பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். என் காதுமணியில் அவர் குரல் கேட்டது.

“இப்ப முகம் இல்ல. பேசு.”

நான் மாடிக்கு ஓடினேன். சன்னல் வழியாக அவருடைய குட்டை முடி தெரிந்தது. “ஒரு பாடும் இல்ல மேடம்” என்றேன். “சுழியாவே இருக்கட்டும்.”

“எல்லாக் கேள்வியுமா?”

“எனக்குப் பிடிச்சிருக்கு.”

“பிடிக்கிறது வேற, பாடு வேற. உங்க அக்கா சொல்லுதா, நீ சூடா ஒரு தோசை தின்னு வருஷமாச்சாம்.”

“ஆறின தோசையும் நல்லாத்தான் இருக்கும்.”

பெஞ்சில் அந்தத் தோள்கள் குலுங்கின. “ஏட்டி, இவ்வளவு பேசுவியா நீ?” பிறகு மெதுவாகச் சொன்னார். “கோவில்பட்டியில ஒரு அம்மா இருக்காங்க. படுத்த படுக்கை. அவங்களுக்கும் சுழிதான். தூக்கத்துல கூடப் பதில் சொல்லுதாங்க. கேட்டா அவங்களும் ஒரு பாடும் இல்லம்பாங்க. இப்படி ஊருக்கு ஒண்ணு ரெண்டு பேரு. வாய் பேசாதவங்க, வெளிய போகாதவங்க, மாட்டேன்னு சொல்லத் தெரியாதவங்க. எல்லாருக்கும் மறுபடி எண் போடணும். நீ எப்படிச் சொல்லுதியோ அதை வச்சுத்தான் அவங்களுக்கும் போடப்போறோம். நீ பொய் சொன்னா அது கோவில்பட்டி வரைக்கும் போகும்.”

எனக்குப் பேச்சு நின்றது. முகம் இல்லாமலே நின்றது. பிறகு கேட்டேன். “எனக்கு எண் போட்டா எல்லாக் கேள்வியும் வேற ஆளுக்குப் போயிருமா?”

“பெரும்பாலும். சிலது போகாது. ஒவ்வொரு கேள்விக்கும் ஊரு இவ்வளவு பாடுதான் படலாம்னு ஒரு அளவு உண்டு. தொலைஞ்ச ஆளுன்னா அளவு பெருசு. சும்மா கேக்குற கேள்வின்னா சின்னது. இருக்கிறதுலேயே கம்மியான வரிசை கூட அளவைத் தாண்டுச்சுன்னா, கேளு மறுத்திரும்.”

நான் சாயங்காலக் கேள்வியைப் பற்றிச் சொன்னேன். அவர் பலகையில் பார்க்கும்வரை காத்திருந்தேன்.

“அதைக் கேக்கறது யாருன்னு எனக்கும் காட்டாது” என்றார். “ஆனா வரிசை தெரியுது. அந்தக் கல்லைப் பாக்கறதுக்கு வாகான இடம் உன் சன்னல்தான். உன் எண் ஏறிட்டா இது அளவைத் தாண்டிரும். மறுத்திரும்.”

“அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சுழி போட முடியாதா?”

“ஆளுக்கு ஒரு எண்தான் பிள்ள. ஆளுக்கும் கேள்விக்கும் சேத்து எண் வச்சா, வரிசையை யோசிச்சு முடிக்கவே பொழுது விடிஞ்சிரும். பதில் எப்ப சொல்லுது?”

“அப்ப எனக்குச் சுழிக்கும் கீழ ஒரு எண் போட்டா?”

“அதைச் செஞ்சு பாத்தோம் ஒரு ஊர்ல. இந்த ஆளைக் கேக்கக் கேக்க லாபம்னு இயந்திரம் திரும்பத் திரும்ப அங்கயே போய் நின்னுச்சு. அந்தாளு மணியைக் கிணத்துல போட்டுட்டாரு.”

அந்த வாரம் மறு கணக்கு எடுத்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்ன பிறகு, “இது உங்களுக்கு எவ்வளவு சிரமம்? ஒன்றுமில்லை, கொஞ்சம், அதிகம்” என்று கேளு கேட்டது. எல்லாவற்றுக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கோவில்பட்டி அம்மாவின் முகம் தெரியாததாலேயே அவரை என்னால் மறக்க முடியவில்லை.

தோசை ஆறியபோது கொஞ்சம் என்றேன். குளிக்கும்போது நிறுத்திக் கேட்டதற்குக் கொஞ்சம் என்றேன். பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒரு டூ வீலர்க்காரர் லாரியில் அடிபட்டுக் கிடந்தார். அவர் கண்ணைத் திறந்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லச் சொன்னது கேளு. பார்த்துச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வந்தது, பிழைத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அன்று முழுவதும் ஒரு பேட்டரியைக் கூடச் சரியாகப் பார்த்து இறக்கவில்லை. அதிகம் என்றேன். இதுவரை இப்படி எத்தனை பார்த்திருக்கிறேன், ஒன்றும் இல்லை என்று நானே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தோன்றியது.

சாயங்காலக் கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். கேளுவுக்கு அது ஒரு தடவைதான்.

வாரக் கடைசியில் காதுமணியில் ஜெபராணி மேடம் வந்தார். “எண் போட்டாச்சு. இனிமே நீயும் ஊர்ல ஒரு ஆளு” என்றார். கோவில்பட்டி அம்மாவுக்கும் போட்டாச்சா என்று கேட்டேன். “போட்டாச்சு. நேத்து மத்தியானம் தூங்குனாங்களாம்” என்றார்.

அதற்குப் பிறகு என் காது அமைதியாகிவிட்டது. நான் பயந்த மாதிரி இல்லை. அக்கா கல்லிலிருந்து நேராகத் தட்டில் தோசையைப் போட்டாள், ஓரம் முறுமுறுவென்று இருந்தது. மத்தியானம் தூங்கினேன். எங்கள் கொல்லையில் ஒரு அணில் குடும்பம் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். ஒரு நாளைக்கு ஏதோ ஒன்றிரண்டு கேள்வி வரும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வருகிற மாதிரி. நிதானமாகப் பார்த்துச் சொல்வேன். பஸ் ஸ்டாண்டில் வேறு வேறு ஆட்கள் இப்போது நடுவழியில் நின்று, அண்ணாந்து பார்த்து, தனியாக ஏதோ சொல்லிவிட்டு நடந்தார்கள். பூக்காரம்மா ஒரு நாள், “நான் என்ன டைம் ஆபீசா?” என்று காதோடு சண்டை போட்டுக்கொண்டே, திருச்சுழி பஸ் வந்துவிட்டதைச் சொன்னார்.

விளக்குப் போடும் நேரம் மட்டும் சரியாக இல்லை. கை தானாகப் பேட்டரியை வைத்துவிடும், கால் தானாகச் சன்னலுக்குப் போகும். கீழே மாஸ்டர் கல்லைத் துடைத்து எண்ணெய் ஊற்றுவார். காதில் ஒன்றும் வராது. மலையில் அந்த அம்மா மணியைத் தொட்டுக் கேட்டிருப்பார். “இந்தக் கேள்விக்கு ஊரின் பாடு அதிகம், கேட்க இயலாது” என்று கேளு சொல்லியிருக்கும். மறு நாள் மறுபடி கேட்டிருப்பார். மாஸ்டர் சோர்ந்து தெரிந்தார். அதைக் கூடச் சொல்ல ஆள் இல்லை. ஒரு நாள் கொத்துக் கரண்டியைத் தவறவிட்டு, முதலாளியிடம் ஏச்சு வாங்கினார். நாலைந்து நாளுக்குப் பிறகு அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்களின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். ஏறவில்லை, திரும்பிக் கடைக்குள் போனார். அவர் போய்விட்டால் அந்த அம்மாவுக்கு எந்த ஊரைக் கேட்பது என்று கூடத் தெரியாது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அவர்ட்டயே போய்ச் சொல்லேன், அம்மாவுக்குப் போன் போடுங்கன்னு” என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, சரி. நான் போய்ச் சொல்றேன்” என்றாள்.

“வேணாம்” என்றேன். யார் கேட்டார்கள் என்பது யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் கேளுவின் ஒழுங்கு.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. இத்தனை வருடமாக எல்லாரும் கேட்டார்கள், நான் சொன்னேன். நான் ஒரு தடவை கூடக் கேளுவிடம் எதையும் கேட்டதில்லை. எனக்குத் தெரியவேண்டியதெல்லாம் சன்னலிலேயே இருந்தது.

மறு நாள் விளக்குப் போட்ட நேரத்தில் காதுமணியைத் தொட்டேன். “கேட்கலாம்” என்றது கேளு.

என்ன கேட்பது என்று பகல் முழுவதும் யோசித்து வைத்திருந்தேன். “மேற்கு வாசல் புரோட்டாக் கடையில கல்லுகிட்ட நிக்கிறவர் இன்னைக்கு இங்கதான் இருக்கார். கொஞ்சம் சோர்ந்து இருக்கார், மத்தபடி நல்லா இருக்கார். இது யாருக்குத் தெரியணும்?”

கேளு வரிசைகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுத்துவிடும் என்று நினைத்தேன். இதற்குப் பதில் தெரிய ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்று அது கணக்குப் போட்டால், அளவைத் தாண்டிவிடும். ஆனால் யார் யார் எதைக் கேட்டார்கள் என்று அதற்கு மட்டும்தான் தெரியும். அதை வைத்து வரிசை போட்டால் முதல் ஆளிலேயே முடிந்துவிடும். பேட்டரிகளின் பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கேட்கிறேன்” என்றது கேளு.

நான் மலைப்பக்கம் பார்க்கிறவள் மாதிரி சன்னல் வழியாக மேற்கே பார்த்தேன். அங்கே பஸ்களும் செம்மண் நிற வானமும்தான் இருந்தன. கீழே மாஸ்டர் வீசிய மாவு பலகையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. எண்ணெய்க் கையோடு துண்டை விலக்கி, காதைப் பொத்திக்கொண்டு நின்றார். எண்ணெய் புகைந்தது.

“மாஸ்டர், கருகுது பாருங்க” என்று முதலாளி கத்தினார்.

மாஸ்டரின் உதடுகள் அசைந்தன. கொஞ்சம்தான் அசைந்தன.

என் காதில் கேளு சொன்னது: “ஒருவரைத்தான் கேட்டேன். ‘எனக்குத்தான்’ என்று சொன்னார்.”

அம்மா இல்லை. மலையில் யாரும் இல்லை. ஆள் தெரியாத ஊரில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, தான் இன்றைக்கு நன்றாக இருக்கிறோமா என்று தினமும் அவர்தான் ஊரைக் கேட்டிருக்கிறார். ஊர் பார்த்துச் சொல்லியிருக்கிறது. நல்லா இருக்கார். புதுச் சட்டை. நான் பதில் சொல்லி முடித்ததும் அவர் சிரிப்பதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் யாரோ வேடிக்கை சொல்கிறார்கள் போல என்று நினைத்திருக்கிறேன்.

அவர் கருகியதை எடுத்துத் தள்ளிவிட்டுக் கல்லைத் துடைத்தார். முதலாளி ஏதோ திட்டிக்கொண்டே இருந்தார். மாஸ்டர் குனிந்துகொண்டு சிரித்தார்.

அதிலிருந்து சாயங்காலம் ஒரு தடவை நான்தான் கேளுவிடம் கேட்கிறேன். யாருக்குத் தெரியணும் என்று முடிப்பேன். எனக்குத்தான் என்று வரும். எங்கள் இரண்டு பேருடைய பாடும் அளவுக்குள்ளேயே இருக்கிறது. ஜெபராணி மேடம் ஒரு நாள் காதில் வந்து, “ஏட்டி, கேள்வியைத் தலைகீழாப் போட்டுட்டியே. இப்படி ஒருத்தி கேப்பான்னு நாங்க யோசிக்கவே இல்ல” என்றார். தடுத்துவிடுவார்களோ என்று கேட்டேன். “எதுக்கு? ஒரே ஆளைக் கேட்டு முடியுது. இதைவிடச் சின்ன வரிசை உலகத்துல கிடையாது” என்றார்.

போன வாரம் அத்தான் மதுரைக்குப் போயிருந்தார். அக்கா காய் வாங்கப் போயிருந்தாள். வெயில் இறங்காத நேரம். கடை வாசலில் யாரோ ஒரு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தும் சத்தம் கேட்டது. மேலே இருந்தே பேட்டரியை இறக்கினால் மாட்ட ஆள் இல்லை. நான் கீழே வந்தேன்.

புரோட்டாக் கடை மொபெட். மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். கிட்டத்தில் பார்த்தால் மேலே இருந்து தெரிவதைவிட வயது கூட. இரண்டு முன்னங்கையிலும் எண்ணெய் தெறித்த புள்ளிகள். நான் குனிந்தே பழைய பேட்டரியைக் கழற்றினேன், புதியதை மாட்டினேன், பூட்டைத் திருகினேன். நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் மாடி சன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து தன் கல்லைப் பார்த்தார். மறுபடி சன்னலைப் பார்த்தார்.

ஒளிந்துகொள்ள அலமாரி பக்கத்தில் இல்லை. கழற்றிய பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிறகு கேட்டேன்.

“நல்லா இருக்கீங்களா?”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, மெல்லிசாக, உடைந்து. ஆனால் கேட்டுவிட்டேன், ஒரு முகத்தைப் பார்த்து.

அவர் வாயைத் திறந்தார். கழுத்துக் குழியில் ஏதோ ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. பதில் எந்த இடத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். நான் அவசரப்படுத்தவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். துண்டை அவிழ்த்து உதறி மறுபடி காதை மூடிக் கட்டிக்கொண்டார். பெரிதாக ஒருமுறை தலையாட்டினார். மொபெட்டில் ஏறி மேற்கு வாசலைப் பார்த்துப் போனார்.